காதால் எழுதியவர்கள்: வடமராட்சிக் கூத்துவெளியிலிருந்து கணினி விளையாட்டுவரை

ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அச்சேறியவற்றையே கணக்கில் எடுக்கின்றன. சிறுகதைத் தொகுதி, நாவல், கவிதை நூல் என்று வரிசைப்படுத்திவிட்டு, மேடைக்கும் வானொலிக்கும் எழுதியவர்களுக்குக் கடைசியில் ஒரு பந்தி ஒதுக்குகின்றன. இந்தக் கணக்கின்படி கரவெட்டியில் பிறந்த கே. எஸ். பாலச்சந்திரன் (1944–2014) ஒரு நாவலும் ஒரு நினைவுக்குறிப்பு நூலும் எழுதியவர். அவ்வளவுதான். ஆனால் மேடையில் தனிநடிப்பு, வானொலியில் தொடர் நாடகம், ஒலிநாடா, திரைப்படம், புலம்பெயர்ந்த மண்ணில் தொலைக்காட்சி என்று அவர் செய்த வேலையைக் கேட்டும் பார்த்தும் வளர்ந்த யாழ்ப்பாணத்தார் பல்லாயிரவர். அவர்களில் பலர் அவருடைய நூலைக் கண்ணாற் கண்டதில்லை.

மேடைக்கு எழுதியவர் பொட்காஸ்டுக்கும், பொட்காஸ்டுக்கு எழுதியவர் வீடியோ கேமுக்கும் போவது இன்று ஒரு தொழிற்பாதையாகவே ஆகிவிட்டது. இதைப் புதுயுகத்தின் விளைவு என்று பலர் எண்ணுகின்றனர். வடமராட்சியில் இந்தப் பாதை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்து தேய்ந்தது. அதைப் பின்தொடர்ந்தால் ஒன்று தெளிவாகிறது. ஒவ்வொரு ஊடகமும் எழுத்தாளரிடமிருந்து எதையோ ஒன்றைப் பறித்துக்கொள்கிறது. வடமராட்சி எழுத்தாளர்கள் ஒவ்வொரு தடவையும் அந்த இழப்பை ஈடுகட்டியது ஊர்ப்பேச்சால்.

உடுப்பிட்டியைச் சுற்றி

யாழ்ப்பாணத்திலிருந்து வல்லை வெளியைத் தாண்டினால் வடமராட்சி. அங்கிருந்து வடக்கே உடுப்பிட்டி, அதற்கும் வடக்கே வல்வெட்டித்துறைக் கடற்கரை, கிழக்கே நெல்லியடிச் சந்தை, அதையொட்டிக் கரவெட்டி. எல்லாமே சைக்கிளில் போய்வரும் தூரம். உடுப்பிட்டி இன்று கரவெட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட வடமராட்சி தென்மேற்குப் பிரதேசத்துக்குள் அடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊருக்குப் புகழ் தேடித் தந்தவர் உடுப்பிட்டிச் சிவசம்புப் புலவர். அந்தாதியும் பதிகமும் பாடிய மரபுவழிப் புலவர் அவர். அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மிஷன் இங்கே பள்ளி தொடங்கி ஆங்கிலக் கல்வியையும் கொண்டுவந்தது. மரபுத் தமிழும் மிஷன் கல்வியும் பக்கத்துப் பக்கத்து ஒழுங்கைகளில் வளர்ந்த பிரதேசம் இது.

இவ்விரண்டுக்கும் வெளியே, கோயில் முற்றத்தில், மூன்றாவது கல்வி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதுதான் காத்தவராயன் கூத்து. மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடப்படும் இந்தச் சிந்துநடைக் கூத்தின் வலுவான தளங்களில் ஒன்று வடமராட்சி. ஆர்மோனியமும் மிருதங்கமும் உடுக்கும் சேர, பாத்திரங்கள் துள்ளுநடையில் வந்து தாமே பாடித் தம்மை அறிமுகம் செய்வர். விடிய விடிய நடந்து, காத்தவராயன் கழுமரம் ஏறும் கட்டத்தில் முடியும்.

இந்தக் கூத்தில் ஒரு வழக்கம் கவனிக்கத்தக்கது. ஓர் இரவு முழுவதும் ஆடிப்பாட ஒருவரால் முடியாது என்பதால், காத்தான் வேடத்தை இரண்டு மூன்று பேர் பங்கிட்டுக்கொள்வர். ஒருவர் உள்ளே போக, உயரத்திலும் நிறத்திலும் குரலிலும் வேறுபட்ட இன்னொருவர் அதே காத்தானாக வெளியே வருவார். முற்றத்தில் பாய் விரித்து இருக்கும் எவரும் குழம்புவதில்லை. பாடல் மெட்டும் நடையும் பாத்திரத்தைத் தாங்கி நிற்கின்றன. ஒரு பாத்திரம் ஓர் உடலுக்குள் அடங்கியிருக்கத் தேவையில்லை என்ற பாடத்தை அந்தச் சனங்கள் சிறுவயதிலேயே படித்துவிட்டார்கள்.

இந்த வடிவம் பழைய கதையோடு நின்றுவிடவும் இல்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்களின் ஆலயப் பிரவேசப் போராட்டம் வெடித்தது. அதையொட்டி என். கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை' நாடகத்தை நெல்லியடி அம்பலத்தாடிகள் குழுவினர் காத்தான் கூத்தின் மெட்டிலும் ஆட்டத்திலும் மேடையேற்றினர். சாமி கும்பிட்டு ஆடிய மெட்டிலேயே, அந்தச் சாமியின் வாசலை யார் அடைத்தது என்ற கேள்வி பாடப்பட்டது. அந்தக் குழுவில் முன்னின்ற இளைய பத்மநாதன் பிற்காலத்தில் அந்தக் கூத்து அறிவை அவுஸ்திரேலியாவரை கொண்டுபோனார்.

பேராசிரியரின் காது

கூத்தின் பாடல் எல்லாருக்கும் பொதுவானது. அரசனும் தூதனும் ஒரே சிந்தில் பாடுவர். ஊரில் ஒவ்வொருவரும் பேசும் விதம் வேறு என்பதை மேடையேற்றியவர் புலோலியில் பிறந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968). லண்டனில் கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். விபுலானந்தருக்குப் பின் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய காலத்தில் மேடைத்தமிழ் என்றால் செந்தமிழ் வசனம் அல்லது இந்திய நாடகக் கம்பனிகளின் பாட்டு. அவரோ 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்', 'கண்ணன் கூத்து', 'நாட்டவன் நகர வாழ்க்கை' ஆகிய நான்கையும் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சிலேயே எழுதினார். இவை 1940இல் 'நானாடகம்' என்ற தொகுப்பாக வெளிவந்தன.

மேடைக்கு இது பெரிய மாற்றம். பாட்டு போய்விட்டது. பாட்டோடு பாத்திரத்தின் அறிமுகமும் போய்விட்டது. இனிப் பார்வையாளர் ஒரு பாத்திரத்தின் அந்தஸ்தையும் ஊரையும் வயதையும் அதன் பேச்சிலிருந்தே அறியவேண்டும். 'வாங்கோ' என்பவர் யார், 'வா' என்பவர் யார், 'எடேய்' என்று கூப்பிட உரிமையுள்ளவர் யார் என்ற ஏற்ற இறக்கத்துக்குள் யாழ்ப்பாணச் சமூகத்தின் அதிகார அடுக்கு முழுவதும் இருக்கிறது. அதை எழுத்தில் பிடிக்கக் கல்வெட்டுக்களின் ஒலிமாற்றங்களைப் படித்த ஒரு மொழியியலாளரின் காது உதவியது. பல்கலைக்கழக மாணவர்கள் இந்த நாடகங்களை ஆடினார்கள். அவர்களுள் ஒருவர் கரவெட்டியிலிருந்து பேராதனைக்குப் போன கார்த்திகேசு சிவத்தம்பி.

வீட்டுக்குள் வந்த நாடகம்

கொழும்பில் 1925இல் தொடங்கிய ஒலிபரப்பு 1949இல் இலங்கை வானொலியாகியது. தமிழ்ப் பகுதியில் 'சானா' என்று அறியப்பட்ட சண்முகநாதன் வானொலி நாடகத்தை வளர்த்தார். ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளில் ஒருவரான இலங்கையர்கோன் 'விதானையார் வீட்டில்' என்ற தொடரை எழுதினார். அதில் கிராமத் தலைவரான விதானையாராக நடித்தவர் பேராசிரியர் சிவத்தம்பி. பின்னாளில் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை பேர்மிங்காமில் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவரை, ஊரார் முதலில் அறிந்தது ஒரு விதானையாரின் குரலாகத்தான்.

வானொலி எழுத்தாளரிடமிருந்து முகத்தைப் பறித்துவிடுகிறது. மேடையில் விதானையாரின் சால்வையும் மீசையும் அவர் யாரென்று சொல்லிவிடும். வானொலியில் முதல் வாக்கியத்திலேயே கேட்பவருக்கு அது தெரியவேண்டும். மூன்று பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பம் வரும். ஒருவர் வெளியே போனதைக் கதவின் சத்தத்தாலோ இன்னொருவரின் பேச்சாலோ உணர்த்தவேண்டும். ஆகவே குரல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் வகையில் எழுதவேண்டும். கணபதிப்பிள்ளை மேடையில் பழக்கிய வட்டாரப் பேச்சு இங்கே இன்றியமையாத கருவியாகியது. உலகின் மறுமூலையில் டிலன் தோமஸ் ஒரு வேல்ஸ் கடற்கரை ஊரை முழுக்க முழுக்கக் குரல்களால் கட்டிய நாடகத்தை பி.பி.சி. 1954இல் ஒலிபரப்பியது. ஏறத்தாழ அதே காலத்தில் கொழும்பு ஒலிப்பதிவு அறை ஒன்றில் யாழ்ப்பாணக் கிராமம் ஒன்று குரல்களால் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

தொடரின் களம் ஒரு வீடாக இருந்ததும் தற்செயலானதல்ல. கூத்தைப் பார்க்க ஊர் கோயில் முற்றத்துக்குப் போனது. வானொலி நாடகமோ விறாந்தைக்கு வந்தது. வீட்டில் இருந்து கேட்பவருக்கு இன்னொரு வீட்டின் பேச்சு இயல்பாகக் காதில் விழும். விதானைமார் பதவி 1960களில் ஒழிந்து கிராமசேவையாளர் வந்த பின்னும், அந்தப் பதவியின் தோரணை எப்படி ஒலித்தது என்பதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை.

அடுத்த தலைமுறையில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' வந்தது. திரைப்படத்துக்கென்று எழுதப்பட்ட பிரதி அது. படமாகாமல், மக்கள் வங்கியின் அனுசரணையில் வானொலித் தொடராகியது. ஓர் ஊடகத்துக்காக எழுதியதை இன்னொன்றுக்கு மாற்றும் கலை நமக்குப் புதிதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சாதாரணக் குடும்பம் ஒன்றின் துன்பத்தைத் தொடர்ந்து கேட்ட வீடுகளில், சோமு என்ற பாத்திரத்தின் குரலாக கே. எஸ். பாலச்சந்திரன் அறிமுகமானார்.

ஓர் ஆளுக்குள் ஒரு பஸ்

பாலச்சந்திரனின் பெயரை நிலைநிறுத்தியது 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பு. யாழ்ப்பாணத்து பஸ்ஸில் சனங்களை ஏற்றி முடித்ததும் சாரதிக்குக் கொண்டக்டர் கொடுக்கும் குரல்தான் தலைப்பு. யாழ்ப்பாணத்து பஸ் என்பது ஓடும் சமூகம். சந்தைக்குப் போகும் மனுசி, கந்தோருக்குப் போகும் உத்தியோகத்தர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்கூடைக்காரர் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் உரசிக்கொண்டு நிற்கவேண்டிய இடம். வீட்டிலும் கோயிலிலும் கிணற்றடியிலும் தள்ளிவைக்கப்பட்டவர்கள் இங்கே ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நெரிசல் முழுவதையும் கொண்டக்டர் தன் குரலாலேயே நடத்துகிறார்.

தனிநடிப்பு எழுத்தாளரிடமிருந்து சக நடிகர்களையும் பறித்துவிடுகிறது. மேடையில் நிற்பவர் ஒருவர். அவர் பார்க்கும் திசையும் குரலின் உயரமும் நடுவில் விடும் இடைவெளியும்தான் மற்றவர்களை உண்டாக்குகின்றன. கேட்கப்படாத கேள்வியைப் பதிலிலிருந்து பார்வையாளர் ஊகிக்கிறார். ஒருவரிடம் பேசும்போது மரியாதையாக ஒலிக்கும் குரல் அடுத்தவரிடம் சட்டென்று கூர்மையாகும். அந்த மாற்றத்திலிருந்தே அங்கே இல்லாத பயணி யாரென்று சபைக்கு விளங்கிவிடும். காத்தான் கூத்தில் ஒரு பாத்திரத்தைப் பல உடல்கள் தாங்கின. இங்கே பல பாத்திரங்களை ஓர் உடல் தாங்கியது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். நடையையும் பேச்சையும் சரியாகப் பிடித்தால் மிச்சத்தைச் சபை தானே நிரப்பிக்கொள்ளும்.

இந்தத் தனிநடிப்பு ஒலிநாடாவாகவும் பரவியது. வானொலி நிலையத்தின் நேரத்துக்குக் கட்டுப்படாமல், விரும்பிய பொழுதில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கவும், கைமாற்றிக் கொடுக்கவும், வெளிநாட்டுக்குப் பொதியில் வைத்து அனுப்பவும் கூடிய குரல் அது. இன்று பொட்காஸ்ட் செய்கிற வேலையைத்தான் அன்று ஒலிநாடா செய்தது. திரையிலும் அவர் தடம் பதித்தார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' (1978) படத்தில் நடித்தார். 'கிராமத்துக் கனவுகள்', 'வாத்தியார் வீட்டில்' ஆகிய வானொலித் தொடர்களும் அவர் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுகின்றன. இரண்டாவது தலைப்பு இலங்கையர்கோனின் விதானையார் வீட்டுக்கு அடுத்த வளவில் நிற்கிறது.

மின்சாரம் இல்லாத காலம்

1985இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகம் குடாநாட்டின் பல இடங்களில் ஆடப்பட்டது. போர் இறுகிய பின் மேடைக்கு இரவும் இல்லை, வெளிச்சமும் இல்லை. 1990க்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அப்போது வானொலி கேட்பதற்கு வீடுகளில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு பொருத்தி, அதிலிருந்து இரண்டு வயர் இழுத்து வானொலிப் பெட்டிக்குக் கொடுப்பார்கள். ஒருவர் மிதியைக் கையால் சுற்றவேண்டும். சுற்றும் வேகம் குறைந்தால் குரல் தேயும், கூடினால் இரையும். ஒரே சீராகச் சுற்றத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அந்த வேலை. மற்றவர்கள் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருந்து செய்தியும் பாட்டும் நாடகமும் கேட்டார்கள்.

ஒலி ஊடகத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் கேட்பவரைச் சும்மா இருப்பவராகவே காட்டுவதுண்டு. யாழ்ப்பாணத்தில் கேட்பவரின் கை ஓயாமல் இயங்கினால்தான் கதை நகர்ந்தது. கைபட்டால் மட்டுமே நகரும் கதை என்பது வீடியோ கேமின் அடிப்படை. இதை ஒரு தலைமுறை தன் வீட்டு முற்றத்தில் வேறொரு தேவைக்காகச் செய்து பார்த்திருக்கிறது.

அதே போர் பாலச்சந்திரனையும் கனடாவுக்குக் கொண்டுபோனது. அங்கே 'வை. ரி. லிங்கம் ஷோ' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி, புலம்பெயர் தமிழ்ப் படங்கள் என்று அவர் வேலை தொடர்ந்தது. மீனவர் வாழ்வைச் சொல்லும் 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' நாவல் 2009இல் வந்தது. நாட்டிலே போர் பேரழிவோடு முடிந்த ஆண்டு அது. வடமராட்சிக் கரையிலிருந்து எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு, அந்தக் கரையின் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தார். 2014இல் ரொறன்ரோவில் காலமானார்.

ரொறன்ரோச் சமையலறை ஒன்று

அதே ரொறன்ரோவிலிருந்து 2023 ஜூலையில் 'வெண்பா' என்ற வீடியோ கேம் வெளிவந்தது. விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் செய்தது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகியோரின் கதை. 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசையும், பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும் பெற்றது.

இந்த விளையாட்டில் சண்டையும் ஓட்டமும் இல்லை. சமையல்தான். தாயின் சமையற் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. இட்டலித் தட்டுக்களை எந்த ஒழுங்கில் அடுக்கினால் ஆவி மேலே போகும் என்பதை விளையாடுபவர் தானே கண்டுபிடிக்கவேண்டும். புட்டுக் குழாய்க்குள் மாவும் தேங்காய்ப்பூவும் எந்த முறையில் விழவேண்டும் என்று யோசிக்கவேண்டும். சமைக்கும்போது பக்கத்தில் வானொலி பாடிக்கொண்டிருக்கிறது. காலம் மாற மாற அந்தப் பாட்டின் பாணியும் மாறுகிறது.

விளையாட்டு எழுத்தாளரிடமிருந்து பறித்துக்கொள்வது நேரத்தின் மீதான பிடியை. ஒரு வசனம் எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை விளையாடுபவரின் விரல் தீர்மானிக்கிறது. பல விளையாட்டுக்களில் கதையின் திசையும் அவர் கையில்தான். மேக்னா ஜெயந்த் எழுதிய '80 டேஸ்' (2014) என்ற விளையாட்டு ஐந்து இலட்சம் சொற்களுக்கு மேற்பட்டது. ஒரு தடவை விளையாடுபவர் அதில் சிறு பங்கைத்தான் காண்பார். எழுதியதில் பெரும்பகுதி யார் கண்ணிலும் படாமல் போகலாம் என்று தெரிந்தே எழுதும் தொழில் அது. அப்படியான இடத்தில் பாத்திரம் எங்கே தொடங்கி எங்கே முடிந்தாலும் ஒரே ஆளாக நிற்கவேண்டும். அந்தப் பொருத்தத்தைத் தருவது குரல். காத்தானாக யார் வந்தாலும் காத்தானாகவே தெரிந்ததற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்.

பொட்காஸ்டிலும் இதே கதை. 2012இல் தொடங்கிய 'வெல்கம் டு நைட் வேல்' நியூயோர்க்கின் சிறு நாடக வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் செய்தது. கற்பனை ஊர் ஒன்றின் வானொலி அறிவிப்பாளர் பேசுகிறார். அந்த ஒரு குரலுக்குள் ஊர் முழுவதும் அடங்குகிறது. பின் அதே நிகழ்ச்சி திரும்ப மேடைக்கும் போய்ப் பல நாடுகளில் நடந்தது. 'அண்ணை றைற்' கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த உத்தி பழக்கமானதே.

இனிச் செய்யவேண்டியது

இந்தப் பாதையில் நாம் இழந்தது மிக அதிகம். புத்தகம் நூலகத்தில் தங்கும். வானொலிப் பிரதி ஒலிபரப்பு முடிந்ததும் கோப்புக்குள் போய்விடும். ஒலிநாடா பூஞ்சணம் பிடித்துப் பாழாகும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த இழப்பை உலகம் அறியும். இடம்பெயர்வுகளின்போது வீட்டு அலுமாரிகளில் விட்டுவரப்பட்ட நாடாக்களும் கையெழுத்துப் பிரதிகளும் எந்தக் கணக்கிலும் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கிவருகிறது, ஒலியையும் சேர்க்கிறது. உடுப்பிட்டியிலும் கரவெட்டியிலும் நெல்லியடியிலும் பெட்டிக்குள் கிடக்கும் ஒலிநாடாக்களும் கூத்துக் கொப்பிகளும் அங்கே போய்ச்சேரவேண்டும். கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் கொப்பிகளையும் நாடகப் பிரதிகளையும் வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றைப் பழைய கடதாசி என்று எண்ணவேண்டாம்.

இரண்டாவது வேலை பள்ளிக்கூடத்தில். இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' உயர்தரம்வரை படிக்கக்கூடிய பாடம். அதில் பிள்ளைகள் கூத்தின் வகைகளையும் கிரேக்க அரங்கையும் படிக்கிறார்கள். அதோடு, கணபதிப்பிள்ளையின் காட்சி ஒன்றை மேடை இல்லாமல் பத்து நிமிட ஒலிநாடகமாக மாற்றிப் பார்க்கட்டும். பஸ் பயணம் ஒன்றை ஒரே குரலில் எழுதிப் பார்க்கட்டும். அதே காட்சியில் கேட்பவர் தெரிவு செய்யும் இரண்டு கிளைகளை வைத்து எழுதிப் பார்க்கட்டும். கைத்தொலைபேசி ஒன்று போதும். ஊடகம் மாறும்போது எது கைநழுவுகிறது, எது நிற்கிறது என்பதை அவர்கள் எழுதித்தான் அறியமுடியும்.

மூன்றாவது, இலக்கிய வரலாறு எழுதுபவர்களுக்கு. இலங்கையர்கோன், சில்லையூர் செல்வராசன், பாலச்சந்திரன் போன்றோரின் வானொலிப் பிரதியும் ஒலிநாடாவும் அவர்களின் நூல்களுக்குச் சமமான எழுத்து. அவற்றுக்குக் கடைசி அத்தியாயத்தில் இடம் ஒதுக்கினால் போதாது. அவை ஈழத்துத் தமிழ் உரைநடையின் நடுப்பாதையில் நிற்கின்றன, ஏனெனில் யாழ்ப்பாணத்துப் பேச்சு மிக அதிகமான காதுகளை எட்டியது அவற்றின் வழியாகத்தான். வடமராட்சிப் பிள்ளை ஒன்று நாளை பொட்காஸ்டுக்கும் வீடியோ கேமுக்கும் எழுதத் தொடங்கினால், வெறுங்கையோடு அந்நியத் தொழிலுக்குள் நுழைவதாக அது எண்ணத் தேவையில்லை. அதற்கு முன்னே புலோலியிலும் கரவெட்டியிலும் நெல்லியடியிலும் இந்தத் தொழிலின் ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களை அந்தப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்துவது நம்முடைய கடமை.